ஏழாம் நம்பர் பிரேமில் கட்டியிருந்த நூல்

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் உங்களில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்கே தெரியும். பில் போடும் கம்ப்யூட்டருக்குச் சுவருக்குள்ளிருந்து வந்த தடித்த கேபிளின் நுனியை உரித்து வைத்திருந்தார். உள்ளே இருந்த எட்டுக் கம்பிகளும் பிளக்கின் துளைக்குள் நுழையவில்லை. அதனால் பிளேடை எடுத்து ஒவ்வொரு கம்பியின் மேல்தோலையும் வெண்டைக்காய் நறுக்குகிற நிதானத்தோடு சீவிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கேபிளுக்கு இந்த பிளக் இல்லையே தம்பி" என்றேன்.

"எல்லாம் ஆர்.ஜே.45 தானே பாய்" என்றார். சொல்லிவிட்டு பிளக்கை அழுத்தி மாட்டி, கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் செருகினார். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கடைக்காரர் என்னைத்தான் வெளியே அனுப்பியிருப்பார். வாங்கிய பால்கோவாவைக் கல்லா மேலேயே மறந்துவிட்டு வந்து பஸ் ஏறினேன். ராஜபாளையம் வந்து இறங்குகிறவரை கோபம் அடங்கவில்லை. இப்போதும் அடங்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி பலமுறை கேட்டும் தட்டிக் கழித்தவன் நான். இப்போது யாரும் கேட்காமல் எழுதுகிறேன். என் பெயர் காதர். நீங்கள் இப்போது வேலை பார்க்கிற இதே கம்பெனியில், மில்லுக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கேபிள் இழுத்துத்தான் என் முடி நரைத்தது. புகழ்ச்சியும் அறிவுரையும் எதிர்பார்த்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இது திட்டு.

எல்லாம் ஆர்.ஜே.45 தானே! இதே வார்த்தையால் ஒரு பெண்ணின் பிழைப்பு போகப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஆர்.ஜே.45 பிளக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே இருக்கிற தகடுகளைப் பாருங்கள். கண் தெரியாவிட்டால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மெல்லிய பிரிகளை முறுக்கிச் செய்த கம்பிக்கான பிளக்கில் தகட்டின் பல் நேராக இருக்கும். பிரிகளுக்கு நடுவே குத்தி இறங்கும். ஒற்றைச் செம்புக் கம்பிக்கான பிளக்கில் பற்கள் அப்படியும் இப்படியும் விலகி நிற்கும்; கம்பியை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். நேர்ப்பல்லைக் கொண்டுபோய் ஒற்றைக் கம்பி மேல் இறக்கினால் அது குத்தவும் செய்யாது, கவ்வவும் செய்யாது. ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். டெஸ்டருக்கு அது போதும். அந்த நொடியில் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். தொட்டுக்கொண்டிருப்பது வேறு, பிடித்துக்கொண்டிருப்பது வேறு. இந்த ஒன்று புரியாதவர் இந்தத் தொழிலை விட்டுவிட்டு வேறு நல்ல வேலை தேடிக்கொள்ளலாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு நடந்தது. ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகிற பக்கம் ஒரு நூல் மில். பஞ்சை நூலாக முறுக்குகிற நீளமான இயந்திரத்துக்கு ரிங் பிரேம் என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்கிறவர்களை சைடர் என்பார்கள். பிரேமின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டுவது அவர்கள் வேலை. பெரும்பாலும் பெண்கள். அந்த மில்லில் ஒவ்வொரு பிரேமிலும் ஒரு சின்ன டப்பாவை மாட்டியிருந்தார்கள். எத்தனை இழை அறுந்தது, பிரேம் எவ்வளவு நேரம் நின்றது என்று அது கேபிள் வழியாக மேனேஜர் அறைக்கு அனுப்பும். பிரேம் ஓடினால் அங்கே திரையில் பச்சை. நின்றால் சிவப்பு. கேபிள் தொடர்பு விட்டுப்போனாலும் சிவப்புதான். இரண்டுக்கும் வித்தியாசம் அந்தத் திரைக்குத் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது.

கேபிள் இழுத்துக் கொடுத்தது நாம். பிளக் மாட்டுவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மில்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எந்த பிளக் வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். வாங்கினால்தானே? எப்போதோ ஆபீஸ் வயரிங் செய்தபோது மிஞ்சியது ஸ்டோரில் ஒரு பை நிறையக் கிடந்திருக்கிறது. மெல்லிய பிரிக்கம்பிக்கான பிளக். நாம் இழுத்திருந்ததோ தடித்த ஒற்றைக் கம்பி. மேலுறை பிளக்குக்குள் போகாமல் வெளியே நின்றுவிட, எட்டுக் கம்பியும் கழுத்தில் அம்மணமாகத் தெரிந்தது. இதைக் கொண்டுபோய், நாள் முழுக்க அதிர்கிற இயந்திரத்தில், பஞ்சுத் தூசும் ஈரக் காற்றும் நிறைந்த ஷெட்டில் மாட்டினார்கள். "டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரிஞ்சதுல்லா" என்று ஸ்டோர்காரர் பின்னால் என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

ஒருநாள் காலையில் மேனேஜர் போன் செய்தார். "பாய், ஒரு டெக்னிக்கல் ஒப்பீனியன் வேணும். வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருங்க."

வந்து பார்த்துவிட்டு என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்திருந்தேன்.

போனேன். அறையில் மேனேஜர், ஹெச்.ஆர். ஆபீசர், மில்லின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். பேச்சியம்மாள். வன்னியம்பட்டியிலிருந்து மில் வேனில் வந்து போகிறவர். ஏழாம் நம்பர் பிரேம் அவர் பொறுப்பு. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்று என்னை உள்ளே விட்ட வாட்ச்மேன் சொல்லியிருந்தார். தலைமுடியில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது. அவரை உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஹெச்.ஆர். தன் போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். "பாத்தீங்களா பாய்? ஏழாம் நம்பர் பிரேம். கேபிள்ல நூலைச் சுத்தி வச்சிருக்கா. நெனச்சப்ப இழுத்துவிட்டு லைனை அணைச்சிருதா. அப்பதான இழை அறுந்தது தெரியாது? திரையில எப்பப் பாத்தாலும் இவ பிரேம் சிவப்பாத்தான் கெடந்துச்சு."

மேஜை மேல் தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. கேபிளில் வேண்டுமென்றே சேதம் விளைவிக்கப்பட்டிருக்கிறது என்று நான் சொன்னதாக எழுதியிருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துக்குக் கொஞ்சம் இடம்.

அந்த இடத்தில் நான் பேனாவை வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பேச்சியம்மாளுக்கு அந்த மில் வேலை மட்டும் போகாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செட்டியார்பட்டி வரை மில் ஹெச்.ஆர். ஆட்கள் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்கிறவர்கள். மெஷினில் கை வைத்தவள் என்று ஒருமுறை பேர் விழுந்துவிட்டால், அதன் பிறகு எந்த மில் வேனும் அவருக்காக வன்னியம்பட்டியில் நிற்காது.

"இந்த நூல் நீங்க கட்டுனதாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா பாய். நாந்தான் கெட்டுனேன்."

"ஒத்துக்கிட்டா. எழுதிக்கோங்க" என்றார் ஹெச்.ஆர்.

"எதுக்குக் கட்டுனீங்க?"

"அது தேவையில்ல பாய்" என்றார் ஹெச்.ஆர்.

"எனக்குத் தேவை" என்றேன்.

பேச்சியம்மாள் மேனேஜரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார். "ஆடிக்கிட்டே கெடந்துச்சு பாய். ஆடுனா டப்பால லைட்டு அணைஞ்சு போவுது. மேஸ்திரிகிட்ட எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். ஒருத்தரும் வரல. பொறவு நானே வேஸ்ட் நூல எடுத்துக் கெட்டிவிட்டேன். மில்லுல எது ஆடுனாலும் நூல வச்சுக் கெட்டத்தான செய்வோம்?"

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. மில்லில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். செருப்பு வார் அறுந்தால் நூல். தூக்குவாளிப் பிடி கழன்றால் நூல். குழாய் ஒழுகினால் நூல். நான் அந்த அறையையே ஒரு சுற்றுப் பார்த்தேன். ஜன்னல் கொண்டியை நூலால் கட்டியிருந்தார்கள். ஹெச்.ஆரின் மூக்குக்கண்ணாடிக் காலில் நூல் சுற்றியிருந்தது. பேச்சியம்மாள் மேல் குற்றம் சாட்டிய அந்த ஃபைலையே மில் நூலால்தான் கட்டி வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நம் முதலாளி போனில் வந்தார். மேனேஜர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். "பாய், புது ஷெட் வேலையும் நமக்கே தாரேங்காவ. அவிய கேக்கத எழுதிக் குடுத்துட்டு வாங்க."

"பிளக்கைப் பாக்கணும் முதலாளி."

"பாக்காம எழுத முடியாதா?"

"பாக்காம எழுதணும்னா ஜோசியக்காரரக் கூப்பிடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். முதலாளி இதைப் படிப்பார். படிக்கட்டும்.

அப்போது வந்த கோபத்துக்கு அந்தத் தாளை நாலாகக் கிழித்து எறிந்திருப்பேன். கை தாளுக்குப் பக்கத்தில் போயும்விட்டது. ஆனால் கிழித்தால் என்ன நடக்கும்? பாய்க்கு மூளை குழம்பிவிட்டது என்பார்கள். வேறு ஒருவரைக் கூப்பிட்டு வேறு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். பேச்சியம்மாள் சாயங்கால வேனில் கடைசியாக ஒருமுறை வீடு போய்ச் சேர்வார். எனக்கு மட்டும் நியாயவான் என்ற பேர் மிஞ்சும். பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். நம் தொழிலில் கோபம் வந்தால் எதிரே இருக்கிற மனிதரிடம் போகாதீர்கள். பிளக்கிடம் போங்கள்.

"ஷெட்டுக்குப் போவோம்" என்று எழுந்தேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் நான் ஏழாம் நம்பருக்கு நேராகப் போகவில்லை. முதல் பிரேமிலிருந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். முதல் பிரேமில் கேபிளை நூலால் கட்டியிருந்தார்கள். அடுத்ததிலும் நூல். அதற்கடுத்ததில் கட்டவில்லை, அந்த டப்பாவில் விளக்கும் எரியவில்லை. சில கட்டுகள் நேர்த்தியாக இருந்தன. சில, போகிற போக்கில் போட்டவை. ஒன்றை மட்டும் பூச்சரம் மாதிரி அழகாகக் கட்டியிருந்தார்கள். யாரும் யாரிடமும் கேட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ஆடியது, கட்டினார்கள்.

"இத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா சார்?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

அவர் வாய் திறப்பதற்குள் ஹெச்.ஆர். முந்திக்கொண்டார். "அதான் பாய் சொல்லுதேன். இவளப் பாத்து எல்லாவளும் ஆரம்பிச்சுட்டாளுவ. பரவிருச்சு."

கொசுக்கடிக் காய்ச்சல் பரவுகிற மாதிரி! நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

ஏழாம் நம்பர் பிரேம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாளுக்குப் பதிலாக வந்த பெண் பார்த்துக்கொண்டிருந்தார். டப்பாவில் விளக்கு எரிந்தது. அறையில் இருக்கிற திரை மேனேஜரின் போனிலும் தெரியும்; அதிலும் பச்சை. "இந்த நூலை நீங்களே அவிழ்த்துவிடுங்க சார்" என்றேன். அவர் ஒரு கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் இளைஞரைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பையன் பயந்துகொண்டே அவிழ்த்தார். கேபிள் தொங்கியது.

செத்த நேரம் ஒன்றும் ஆகவில்லை. ஹெச்.ஆர். முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது. பிரேமின் அதிர்வில் கேபிள் மெல்ல ஆடியது. டப்பாவின் விளக்கு மினுக்கியது, அணைந்தது. மேனேஜர் கையிலிருந்த போனில் ஏழாம் நம்பர் சிவப்பாக மாறியது. முன்னால் நூல் சுற்றும் கதிர்கள் அத்தனையும் சுழன்றுகொண்டிருந்தன. பிரேம் நின்றுவிட்டது என்று போன் சொன்னது. மனுஷன் பிரேமையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

எங்கள் பின்னால் நின்ற பேச்சியம்மாள் யாரையும் கேட்கவில்லை. முன்னால் வந்தார். இடுப்பிலிருந்த பையிலிருந்து வேஸ்ட் நூலை உருவினார். கேபிளைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பிரேமின் கம்பியோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். இழை அறுந்தால் ஒட்டுகிற மாதிரி, அந்தக் கைக்கு அது யோசனை இல்லாத வேலை. விளக்கு எரிந்தது. போன் பச்சையானது.

"பாத்தீங்களா சார்!" என்று கத்தினார் ஹெச்.ஆர். "நம்ம கண்ணு முன்னாலயே மறுபடியும் கை வைக்கா!"

"ஏலே!" என்றேன் நான். "ஒனக்கு மூஞ்சியில இருக்கது கண்ணா இல்ல பித்தளைக் குமிழா?"

என் வாழ்நாளில் ஒரு ஆபீசரை ஏலே என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். அவ்வளவு இரைச்சலிலும் பக்கத்து பிரேம் பெண்களுக்கு அது கேட்டுவிட்டது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். இப்போதும் எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

அதோடு விடவில்லை. பிளக்கை டப்பாவிலிருந்து கழற்றி, கேபிளை ஒரு கையால் பிடித்து மறு கையால் பிளக்கை லேசாக இழுத்தேன். பிளக் தனியாக என் கையோடு வந்துவிட்டது. எட்டுக் கம்பிகளும் அந்தப் பக்கம் நின்றன. ஒன்றில்கூடப் பல் பதிந்த தடம் ஒழுங்காக இல்லை. பிளக்கை மேனேஜரின் உள்ளங்கையில் வைத்தேன். "இதுதான் சார் நீங்க தேடுத சேதம். இது ஸ்டோர்ல இருந்து வந்தது. வன்னியம்பட்டியில இருந்து வரல."

அறைக்குத் திரும்பி, தட்டச்சு செய்திருந்ததை அடித்துவிட்டு என் கையால் எழுதினேன். கேபிளுக்குப் பொருந்தாத பிளக் மாட்டியிருக்கிறார்கள். சேதம் செய்தவர் யாரும் இல்லை. தொடர்பு இந்த அளவுக்காவது விட்டுப்போகாமல் இருந்ததற்கு நூல்தான் காரணம். கையெழுத்துப் போட்டேன்.

பேச்சியம்மாளின் வேலை போகவில்லை. பழைய ஷெட்டை நாம் சரிசெய்து கொடுத்தோம். தூணில் ஒரு பெட்டி வைத்து, ஒற்றைக் கம்பிக் கேபிளை அதோடு நிறுத்தினோம். அங்கிருந்து ஆடுகிற பிரேமுக்கு, வளைந்து கொடுக்கிற பிரிக்கம்பி வயர், அதற்கான பிளக். ஆடாத இடத்துக்கு ஒற்றைக் கம்பி, ஆடுகிற இடத்துக்குப் பிரிக்கம்பி, அந்தந்தக் கம்பிக்கு அதனதன் பிளக். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். புது ஷெட் வேலை வேறு கம்பெனிக்குப் போனது. முதலாளி கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலை போகவில்லை என்றேன் அல்லவா? ஆனால் பேச்சியம்மாளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அனுமதியின்றி மில் கருவியில் கை வைத்ததற்காக. "டிசிப்ளின்னு ஒண்ணு இருக்குல்ல பாய்" என்றார் மேனேஜர். எல்லா சைடரையும் கூட்டி, தன் வேலை இல்லாத எதையும் தொடக்கூடாது என்று சொன்னார்கள். பொருந்தாத பிளக்கை எடுத்துக் கொடுத்த ஸ்டோர்காரருக்கு ஒரு வார்த்தை இல்லை. மாட்டியவர்களுக்கும் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அதனால்தான் அந்தக் கடையில் கம்பியைச் சீவிய தம்பிக்குச் சொல்கிறேன். நீங்கள் தப்பான பிளக்கை மாட்டினால் அது உங்கள் கையில் இருக்கும்போது பழுதாகாது. நீங்கள் டெஸ்டரைக் காட்டிச் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பிப் போன பிறகுதான் பழுதாகும். அப்போது பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் மேல்தான் பழி விழும். பிளக் என்றால் என்ன என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கடையில் பில் போடுகிற பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்தீர்களா? நான் பார்த்தேன்.

பல மாதம் கழித்து அந்த மில்லுக்கு ஒருமுறை சர்வீஸுக்குப் போனேன். ஏழாம் நம்பரில் பேச்சியம்மாள்தான் நின்றார். என்னைப் பார்த்ததும் "வாங்க பாய்" என்று சிரித்தார். டப்பாவில் விளக்கு அசையாமல் எரிந்தது. திருப்தியாக நிமிர்ந்தபோது மேலே பார்த்தேன். அவர் நடக்கிற வழிக்கு நேர் மேலே ஒரு டியூப் லைட், ஒரு பக்கக் கிளிப் கழன்று, அதிர்வில் ஆடிக்கொண்டிருந்தது.

"பேச்சியம்மா, மேல பாத்தீங்களா? விழுந்தா தலையிலல்லா விழும்?"

"பாத்தேன் பாய். சொல்லியாச்சு. வருவாவ."

"அதுவரைக்கும் ஒரு நூலக் கட்டி வைக்கலாம்லா?"

"நமக்கெதுக்கு பாய்" என்றார்.

சுற்றிலும் பார்த்தேன். எந்த பிரேமிலும் ஒரு நூல் கட்டு இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, "நூலாவது குடுங்க" என்று கை நீட்டினேன். அவர் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து இடுப்புப் பையின் வாயை விரித்து, "நீங்களே எடுத்துக்கோங்க" என்றார்.

எடுத்துக் கட்டினேன். காலமெல்லாம் கம்பியோடு பழகிய கைக்கு நூல் முடிச்சு வரவில்லை. நழுவிவிட்டது. மறுபடியும் கட்டினேன். மறுபடியும் நழுவியது. பேச்சியம்மாள் கீழே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.